கரிசல் மண்ணில் செபம்: தனிமையும் கூட்டமும்

தனியே செய்யும் செபம்தான் ஆழமானது, கூடிச் சொல்வது வெறும் வழக்கம் என்ற எண்ணம் படித்த கிறிஸ்தவர்கள் பலரிடம் இருக்கிறது. கோவில்பட்டிக் கரிசலின் திருச்சபை வரலாறு இதை மறுக்கிறது. இங்கே மக்கள் செபிக்கக் கற்றது கூட்டத்தில். அந்தக் கூட்டத்தை நிலைக்கவைத்தவர்களோ தனிச் செபத்தில் ஊன்றியவர்கள். ஒன்றை விட்டு மற்றொன்று இங்கே வளரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி, இயேசு சபையினரின் மதுரை மிஷனுடைய பழைய தலங்களில் ஒன்று. அச்சபைக் குருவான வீரமாமுனிவர் தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் இங்கே பணியாற்றினார். அக்காலத்தில் ஒரு குருவின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. ஓர் ஊருக்கு அவர் மறுபடி வர மாதக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாட்களில் ஞாயிறு செபத்தை நடத்தியவர்கள் வேதியர்கள், அதாவது குருப்பட்டம் பெறாத உபதேசியார்கள். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம் ஆகியவற்றை அவர்கள் சொல்ல, ஊர் திருப்பிச் சொன்னது. எழுத்தறியாத உழவரும் அவற்றை மனப்பாடமாக்கிக்கொண்டனர். பருத்திக் காட்டில் தனித்திருக்கும்போதும் அவர்களுக்குச் செபிக்கச் சொற்கள் இருந்தன.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. புதிய மதுரை மிஷன் தொடங்கியது 1838இல்தான். குருக்கள் மிக அரிதாயிருந்த அந்த அறுபத்தைந்து ஆண்டுகளையும் சபைகள் கடந்து வந்ததில் மனப்பாடச் செபத்துக்குப் பெரும் பங்குண்டு.

திரும்பத் திரும்பச் சொன்னால் செபம் உதட்டளவில் நின்றுவிடாதா? நியாயமான கேள்விதான். வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’ (1727) இதற்கு விடை தருகிறது. வேதியரின் கடமைகளோடு அவர்களுடைய உள்வாழ்வையும் பேசும் உரைநடை நூல் அது. செபம் நடத்துகிறவர் முதலில் தன் ஆன்மாவைப் பேண வேண்டும் என்பதை அந்நூலின் அடிப்படையாகக் கொள்ளலாம். மந்திரம் எல்லோருக்கும் பொது. அதற்கு உயிரூட்டும் தியானமோ அவரவர் உழைப்பு.

தனிப் பக்தியும் கூட்டமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையே சீர்திருத்தச் சபையின் அனுபவமும் காட்டுகிறது. கேம்பிரிட்ஜில் கல்லூரி உறுப்பினராக இருந்த தாமஸ் ராக்லண்ட், 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகியோருடன் வட திருநெல்வேலியில் கூடாரப் பணியைத் தொடங்கினார். ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல், ஊருக்கு ஊர் கூடாரம் பெயர்த்துப் போகும் ஊழியம் அது. தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை மாதமுறை வைத்து அனுப்பின. 1858 அக்டோபரில் ராக்லண்ட் சிவகாசியில் இறந்தார்; ஆனால் பணி நிற்கவில்லை. ஒருவருடைய பக்தியாக மட்டும் இருந்திருந்தால் அது அவரோடே முடிந்திருக்கும். பல ஊர்ச் சபைகள் அதைத் தங்கள் பொறுப்பாக ஏற்றிருந்தன.

இன்று தீப்பெட்டி ஆலையிலும் நூற்பாலையிலும் வேலை முடித்து வருகிறவர்கள் மாலையில் அன்பியம் என்னும் கத்தோலிக்க அண்டை வீட்டுக் குழுவிலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் கூடுகிறார்கள். காமநாயக்கன்பட்டியின் ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. கூடிச் செபிக்கும் ஆர்வத்தில் குறையில்லை. குறை வரக்கூடிய இடம் வேறு: உரத்த குரல் உள்ள இருவரே கூட்டம் முழுவதையும் நடத்த, மற்றவர்கள் ‘ஆமென்’ மட்டும் சொல்லிக் கலைந்துபோவது.

எனவே குழுத் தலைவர்களைப் பேச்சுப் பயிற்சிக்கு முன் தியானப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வேதப் பகுதியை வாசித்து, மௌனத்துக்கு நேரம் ஒதுக்கி, பிறகு பேசத் தயங்குகிறவர் முதலில் செபிக்க இடம் தரலாம். அதே பகுதியை அவரவர் வீட்டில் அந்த வாரம் முழுதும் தியானித்து, அடுத்த கூட்டத்தில் அதிலிருந்தே செபத்தைத் தொடங்கலாம். புதிய கட்டடமோ பெரிய செலவோ இதற்குத் தேவையில்லை. அடுத்த வாரக் கூட்டத்திலேயே செய்து பார்க்கலாம்.