மலையிறங்கிய லாகர்

லயன் லாகர் பியரின் முதல் வீடு நுவரெலியா. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போன சாமுவேல் பேக்கர், 1849இல் அங்கே சிறிய பியர் ஆலை ஒன்றை நடத்தினார். முறையான வணிக ஆலை 1881இல் வந்தது. இன்றைய லயன் பியரின் வம்சம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

லாகருக்குக் குளிர்தான் உயிர். ஈஸ்ட் ஏறத்தாழ பத்துப் பாகை செல்சியஸில் ஆற அமரப் புளிக்க வைக்க வேண்டும். பிறகு அந்த பியர் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளிய வேண்டும். அவசரப்படுத்தினால் சுவை கரடுதட்டிப் போகும். பியருக்கான பார்லி இலங்கையில் விளைவதில்லை. மோல்ட்டும் ஹொப்ஸும் கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து மலையேற வேண்டியிருந்தது. மலை தந்தது நல்ல தண்ணீரையும் குளிரையும்தான். குளிரூட்டும் இயந்திரம் எங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகு, மலையில் இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. 1990களின் பிற்பகுதியில் ஆலை கொழும்புக்கு அருகே, களனி கங்கைக்குப் பக்கத்திலுள்ள பியகமவுக்கு இறங்கியது.

இப்போது போத்தல்களின் பயணம் எதிர்த்திசையில். அவிசாவளையில் ஏ7 வீதியைப் பிடிக்கும் லொறி, களனி கங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று ஏறுகிறது. கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் இந்த வழியில்தான். அதே வீதியில் இன்னும் மேலே போனால் ஹட்டன், அதையும் தாண்டினால் பழைய நுவரெலியா.

ஆலையும் இந்தத் தோட்டங்களும் ஒரே மழையில் அடிபட்டன, 2016 மே மாதத்தில். களனி பெருகி பியகம ஆலைக்குள் புகுந்தது. உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. மேலே, புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் மண்சரிந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் மேல் விழுந்தது. உறங்க இடமென்று நம்பியிருந்த வீடுகளோடு குடும்பங்கள் புதைந்தன. ஆலையின் இழப்பைப் பணத்தில் கணக்கிட்டு ஈடுசெய்யலாம். அந்தச் சரிவுகளில் இன்னும் லயங்களில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் கொடுப்பது அரசின் கடமை. அதற்கு இன்னொரு மழை வரும்வரை காத்திருக்கக் கூடாது.

போத்தல் வந்து சேருமிடம் தோட்டத்து வீதியோரத் தவறணை. போயா தினத்தில் அதற்குப் பூட்டு. 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்ட தொழிலாளிக்கு பியர் மலிவான சரக்கல்ல. சம்பள நாளிலோ கல்யாண வீட்டிலோ வாங்குகிற பொருள். கையில் காசு இல்லாத நாளில் கள்ளச்சாராயமான கசிப்பு கூப்பிடும். அதில் என்ன கலந்திருக்கிறதென்று காய்ச்சுகிறவனுக்கே தெரியாது. கண்ணையும் உயிரையும் கொண்டுபோகிற சரக்கு அது.

சரி, குவளையில் ஊற்றுவோம். நன்றாகக் குளிர்ந்த 625 மில்லிலீட்டர் போத்தல், மதுசாரம் 4.8 சதவீதம். நிறம் பொன், இரண்டாம் முறை வடித்த பிளேன்டீயைப் போல வெளிறிய பொன். நுரை குபுகுபுவென்று எழுகிறது, நாலைந்து மிடறுக்குள் அடங்கி விளிம்பில் மெல்லிய வளையமாக நிற்கிறது. மூக்கில் ஊறிய தானிய வாசனை. நாக்கில் அந்தத் தானியத்தின் இலேசான இனிப்பு முந்தி வருகிறது. ஹொப்ஸின் கசப்பு பின்னால் வந்து, தங்காமல் போய்விடுகிறது. பொரித்த நெத்தலியும் காரமான கடலையும் பக்கத்தில் இருந்தால் எடுபடும், உப்பையும் உறைப்பையும் கழுவிவிடும். ஆனால் குளிர் விட்டதும் இனிப்பு தூக்கலாகிறது, கசப்பு காணாமல் போகிறது, கடைசிக் குவளை அலுத்துவிடுகிறது.

இதே ஆலையின் கரிய ஸ்டவுட்டை பிரித்தானிய பியர் விமர்சகர் மைக்கல் ஜாக்சன் புகழ்ந்து உலகறியச் செய்தார். அந்தப் புகழ் லாகருக்கு வாய்க்கவில்லை, வாய்க்காததும் நியாயமே. அதில் பழுது எதுவும் இல்லை, ஆளை நிறுத்தும் குணமும் இல்லை. பத்துக்கு ஐந்தரை கொடுப்பேன். கேகாலை மலைகளின் சொந்தச் சுவை வேண்டுமென்றால், காலையில் இறக்கிய கித்துல் கள்ளில் அது இருக்கிறது. லாகரில் அதைத் தேட வேண்டாம்.