சோடாவும் அதன் புளிப்புத் துணையும்: வீட்டுக் கேக்கை உப்ப வைத்த பொருள்களின் வரலாறு

வீட்டுக் கேக்கில் சமையல் சோடா இடம்பிடித்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சோடாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சூடு பட்டால் சோடா தானாகவும் ஓரளவு கார்பன் டை ஆக்சைடை விடும். ஆனால் பின்னால் மிஞ்சும் சோடியம் கார்பனேட் கேக்குக்குச் சவுக்காரச் சுவையைக் கொடுத்துவிடும். புளிப்போடு சேரும்போதுதான் அது நல்ல கேக்கைத் தருகிறது. அந்தப் புளிப்பை அளவோடு கொடுக்க மேற்கொண்ட முயற்சியே இந்த வரலாற்றின் உயிர்நாடி என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கேக் எழும்ப இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பீர் நுரையிலிருந்து எடுத்த ஈஸ்ட். மற்றொன்று, முட்டையையும் வெண்ணெயையும் அடித்து மாவுக்குள் காற்றை ஏற்றுவது. 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூல், பவுண்ட் கேக் கலவையைக் கையாலோ பெரிய மரக்கரண்டியாலோ ஒரு மணி நேரம் அடிக்கச் சொல்கிறது. வேலையாட்கள் இல்லாத வீட்டில் அந்த ஒரு மணி நேரம் யார் கையில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேதியியல் இந்த உழைப்பில் பெரும்பகுதியைக் குறைத்தது. சமையல் வரலாற்றில் இதற்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

முதல் மாற்றம் சாம்பலிலிருந்து வந்தது. அமெரிக்காவில் காடழித்து நிலம் திருத்தியவர்களிடம் மரச்சாம்பல் குவிந்தது. அதை நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சினால் பொட்டாஷ். மேலும் சுட்டுத் தூய்மையாக்கினால் பேர்ல் ஆஷ் எனப்பட்ட பொட்டாசியம் கார்பனேட். இவற்றைத் தயாரிக்கும் முறைக்காக 1790இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் பெற்றதே அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமை. 1796இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமெலியா சிம்மன்ஸின் ‘அமெரிக்கன் குக்கரி’ பேர்ல் ஆஷை ஜிஞ்சர்பிரெட்டிலும் குக்கியிலும் சேர்க்கச் சொல்கிறது. மாவு விரைவில் உப்பியது. ஆனால் காரம் கொழுப்போடு சேர்ந்து சோப்பு வாடை அடித்தது. இஞ்சியும் வெல்லப்பாகும் போட்ட பண்டங்களில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. வெல்லப்பாகின் புளிப்பு காரத்தை ஓரளவு சமன்படுத்தவும் செய்தது.

சோடாவின் வழி தனியாகத் தொடங்கியது. உப்பிலிருந்து சோடியம் கார்பனேட் எடுக்கும் முறையை 1791இல் பிரான்சின் நிக்கோலா லெப்லாங் உருவாக்கினார். 1801இல் பெர்லின் மருந்தாளர் வாலன்டின் ரோஸ் சமையல் சோடாவான சோடியம் பைகார்பனேட்டைக் கண்டறிந்தார். 1846இல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் நியூயார்க்கில் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினர். 1860களில் எர்னஸ்ட் சால்வேயின் முறை வந்த பிறகு சோடாவின் விலை இறங்கியது.

இனிமேல் சிக்கல் புளிப்பில்தான். வீட்டுப் பெண்கள் புளித்த பாலையும் மோரையும் சேர்த்தார்கள். பால் ஒரு நாள் அதிகம் புளித்திருக்கும், மறுநாள் குறைவாக இருக்கும். சோடாவின் அளவோ மாறாது. ஒரு நாள் கேக் நன்றாக வரும், அடுத்த நாள் மஞ்சள் பாய்ந்து கசக்கும். இந்த நிச்சயமின்மைக்கு முடிவு கட்டியது, சோடாவோடு புளிப்பையும் அளவாகக் கலந்த பேக்கிங் பவுடர். ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1843இல் பர்மிங்காம் மருந்தாளர் ஆல்ஃபிரட் பேர்ட் அதை உருவாக்கினார். ஆனால் புளிப்புக்குப் பரவலாகப் பயன்பட்ட கிரீம் ஆஃப் டார்ட்டர், திராட்சை மதுப் பீப்பாய்களில் படிவது. ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகி அமெரிக்காவில் விலை அதிகமாக விற்றது. 1856இல் ஹார்வர்ட் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் எலும்பிலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட்டை அதற்கு மாற்றாக்கிக் காப்புரிமை பெற்றார். பிறகு இன்னும் மலிவான படிகாரச் சேர்மங்கள் வந்தன. மலிவுப் பொருளுக்கு எதிராக 1899இல் மிசூரி மாநிலம் சட்டமே போட்டது. அதில் லஞ்சம் கைமாறியது அம்பலமாகி, 1905இல் சட்டம் நீக்கப்பட்டது.

பேக்கிங் பவுடர் வந்த பிறகும் சோடா ஒழியவில்லை. கள் சேர்த்துப் புளிக்கவைத்த ஆப்ப மாவில் இன்று பல வீடுகளில் சோடா போடுகிறோம். முட்டையில்லாக் கேக்கில் தயிரோடு சேர்த்து, குக்கரில் வெயிட் போடாமல் சுட்டெடுக்கிறோம். இங்கும் பழைய விதியே செல்லும். ஒரு கப் புளித்த மோருக்கு அரை டீஸ்பூன் சோடா போதும். காரம் சேர்த்துப் பதப்படுத்திய டச்சுக் கோக்கோவில் புளிப்பு இருக்காது. அதை நம்பிச் சோடா போட்டால் கேக் எழும்பாது, கசப்புதான் மிஞ்சும். சோடாவை மாவோடு நன்றாகச் சலிக்காவிட்டால் வெந்த கேக்கில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவை கரையாத சோடாக்கட்டிகள்.

கேக் எழும்பவில்லையென்றால் சோடாவைக் கூட்டாதீர்கள். முதலில் தயிர் போதுமான அளவு புளித்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரமும் புளிப்பும் சேர்ந்த கணத்திலேயே வாயு வெளியேறத் தொடங்கிவிடும். அதனால் கலந்த மாவைக் காத்திருக்க விடாமல் உடனே சூடான அடுப்பில் ஏற்றுங்கள்.