மண்குழலும் தொலைநோக்கியும்

திருச்சியை அடுத்த துவாக்குடியில், தை மாதத்துத் தெளிந்த இரவில், மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து விண்மீன் பார்ப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. வானில் மேகமே இராது. ஆனால் காட்சி மங்கிவிடும். முன்வில்லையில் பனி படிந்திருக்கும். 'பனி பெய்கிறது' என்று பேசிப் பழகிய நாம் அது மேலிருந்து விழுவதாகவே எண்ணுகிறோம்.

அவ்வாறன்று எனக் காட்டியவர் லண்டனில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். 1814-இல் வெளிவந்த அவருடைய நூலில் எளிய சோதனையொன்று உள்ளது. இருபுறமும் திறந்த, இரண்டரை அடி உயரமுள்ள சுட்ட மண்குழலைப் புல்தரையில் நிறுத்தி, அதனுள் 10 கிரெயின் கம்பளி மயிரை வைத்தார். (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்.) அதே அளவு கம்பளியைக் குழலுக்கு வெளியேயும் வைத்தார். காற்றசையாத இரவு, மழை பெய்திருந்தால் இரண்டும் ஒன்றுபோல் நனைந்திருக்கும். ஆனால் வெளியே இருந்தது 16 கிரெயின் நீரை ஏற்றது. உள்ளே இருந்ததோ 2 கிரெயினுக்குச் சற்றே கூடுதல்!

காரணம் என்ன? திறந்த வானத்தை நோக்கும் பொருள் தன் வெப்பத்தைக் கதிர்களாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொடும் காற்றிலுள்ள நீராவி துளியாகிறது. மண்குழல் வானத்தின் பெரும்பகுதியை மறைத்தது. வங்காளத்தில் குளிர்கால இரவுகளில் ஆழமற்ற மண்சட்டிகளில் நீரூற்றிப் பனிக்கட்டி எடுத்தார்களே, அதற்கும் வெல்ஸ் இதே காரணத்தைக் கூறினார்.

தொலைநோக்கியின் வாயில் செருகும் கறுப்பு அட்டைக் குழலும் இவ்வாறே பயன்படுகிறது. வில்லையின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் வேண்டும். ஈரம் மிகுந்த இரவில் அது பனியைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றும் தடுக்காது. அப்போது மெல்லிய சூடு தரும் மின்பட்டையை வில்லையைச் சுற்றிக் கட்டுவர். படிந்த பனியைத் துணியால் துடைக்க வேண்டா. தூசி வில்லையைக் கீறிவிடும்.