கிடியன் ஃபெல், டாக்டர்

கிடியன் ஃபெல் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் கற்பனைப் பாத்திரம். அமெரிக்க எழுத்தாளர் ஜான் டிக்சன் கார் (1906–1977) படைத்தது. 1933 முதல் 1967 வரை 23 நாவல்களிலும் சில சிறுகதைகளிலும் வானொலி நாடகங்களிலும் ஃபெல் வருகிறார். அவர் போலீஸ்காரர் அல்லர், கூலிக்குத் துப்பறிபவரும் அல்லர், படிப்பாளி. உள்ளே தாழிட்ட அறையில் பிணம் கிடக்கும், கொன்றவன் வெளியேறிய வழி தெரியாது. காவல்துறை கையைப் பிசைந்து நிற்கும் அத்தகைய வழக்குகளே அவரிடம் வந்து சேரும்.

பூட்டிய அறை மர்மம் ஃபெல்லுக்கு முன்பே வேரூன்றிய வகை. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய ரூ மார்க் கொலைக் கதையிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இஸ்ரேல் சாங்வில்லின் 'தி பிக் போ மிஸ்டரி' 1892இல் வந்தது. பிரான்சில் காஸ்தோன் லெரூ 1907இல் மஞ்சள் அறையின் மர்மத்தை எழுதினார். டிக்சன் காரை மிகவும் பாதித்தவர் ஜி. கே. செஸ்டர்டன். அவருடைய பிரௌன் பாதிரியார் கதைகளில் பேய் வேலைபோலத் தோன்றுவது கடைசியில் மனித வேலையாக முடியும். டிக்சன் கார் அந்தப் பாடத்தை இறுகப் பற்றிக்கொண்டார்.

ஃபெல்லின் உருவமும் செஸ்டர்டனுடையதே. இதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை. மலைபோன்ற உடம்பு, அடுக்கடுக்காக மடியும் மோவாய், கொள்ளைக்காரனுக்குரிய மீசை, கறுப்பு நாடாவில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, கூடாரம் போன்ற மேலங்கி, பாதிரிமார் அணியும் அகலத் தொப்பி. நடக்க இரண்டு கைத்தடிகள் வேண்டும். சிரித்தால் உடம்பு முழுவதும் குலுங்கும். வியந்தால் ஏதென்ஸ் நகரத்துப் பழைய ஆட்சியாளர்களைக் கூவி அழைப்பார். பெயர் எங்கிருந்து வந்தது என்பது அவ்வளவு உறுதியில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரித் தலைவராக இருந்த ஜான் ஃபெல்லைப் பற்றி ஒரு கேலிப்பாட்டு உண்டு. அதிலிருந்தே பெயர் எடுக்கப்பட்டிருக்கலாம் என்பர்.

ஃபெல் முதலில் தோன்றும் நாவல் 'ஹாக்ஸ் நுக்' (1933). அப்போது டிக்சன் காருக்கு வயது 26. ஆங்கிலப் பெண்ணான கிளாரிஸை மணந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்திருந்தார். இந்நாவலில் ஃபெல் லிங்கன்ஷயர் கிராமமொன்றில் வாழும் அகராதித் தொகுப்பாளர். பிந்தைய நாவல்களில் லண்டன்வாசி. வரலாற்றறிஞர் என்று அறிமுகமாகிறார். மனைவி தொடக்க நாவல்களில் எட்டிப் பார்த்துப் பிறகு ஏறக்குறைய மறைந்துவிடுகிறார். மறையாமல் தொடர்வது ஒன்று உண்டு. ஆதிகாலம் முதல் இங்கிலாந்தின் குடிப்பழக்கங்களைப் பற்றி ஃபெல் பல ஆண்டுகளாக எழுதிவரும் பெருநூல் அது. பிணத்தை நடுவில் விட்டுவிட்டுப் பழைய பியர் வகைகளைப் பற்றி அவர் பேசத் தொடங்குவதும், ஸ்காட்லாந்து யார்டின் கண்காணிப்பாளர் ஹாட்லி பல்லைக் கடிப்பதும் இந்த நாவல்களின் தனிச் சுவை.

1933 முதல் 1941 வரையுள்ள காலமே ஃபெல்லின் பொற்காலம். இந்த ஒன்பது ஆண்டுகளில் பதின்மூன்று நாவல்களுக்குக் குறையாமல் வந்தன. அதே காலத்தில் கார்ட்டர் டிக்சன் என்ற புனைபெயரில் சர் ஹென்றி மெரிவேல் என்னும் இன்னொரு துப்பறிவாளரின் வரிசையும் தனியே ஓடிக்கொண்டிருந்தது. 'தி மேட் ஹாட்டர் மிஸ்டரி' (1933) லண்டன் கோபுரக் கோட்டையில் நடக்கிறது. தொப்பித் திருட்டும் போவின் அச்சேறாத கையெழுத்துப் பிரதியும் அதில் பின்னிக்கிடக்கின்றன. 'தி பிளைண்ட் பார்பர்' (1934) கதையில் ஃபெல் நாற்காலியை விட்டு எழாமல், கப்பலில் நடந்ததைக் கேட்டே விடை சொல்கிறார். 'தி குரூக்கட் ஹிஞ்ச்' (1938), 'தி பிளாக் ஸ்பெக்டகல்ஸ்' (1939) இரண்டையும் முதல் வரிசையில் வைப்போர் பலர்.

எனினும் ஃபெல்லின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது 'தி ஹாலோ மேன்' (1935). அமெரிக்கப் பதிப்பில் அதன் பெயர் 'தி த்ரீ காஃபின்ஸ்'. லண்டனில் பனி கொட்டிய இரவு. பேராசிரியர் கிரிமோவின் அறைக்குள் முகமூடி அணிந்த ஒருவன் நுழைகிறான். கதவின்மேல் கண்ணாக ஆட்கள் இருக்கிறார்கள். வெடிச் சத்தம் கேட்கிறது. பூட்டிய கதவைத் திறந்தால் கிரிமோ குண்டடிபட்டுக் கிடக்கிறார், வந்தவனைக் காணோம், சன்னலுக்கு வெளியே பனி கலையவே இல்லை. அதே இரவில் இன்னொருவன் தெரு நடுவே மிக அருகிலிருந்து சுடப்படுகிறான். பனியில் இருப்பவை அவனுடைய காலடிகள் மட்டுமே.

இதன் 17ஆம் அத்தியாயம் இவ்வகை இலக்கியத்தில் தனியிடம் பெற்றது. சாப்பாடு முடிந்து, காப்பி வந்து, சுருட்டுப் பற்றவைத்த வேளையில், பூட்டிய அறையில் கொலை செய்யும் வழிகளைப் பற்றி ஃபெல் விரிவுரை ஆற்றுகிறார். துப்பறியும் கதைகளைப் பற்றி இப்போது எதற்குப் பேச்சு என்று ஒருவர் கேட்க, நாம் துப்பறியும் கதைக்குள்தானே இருக்கிறோம் என்று விடை சொல்கிறார். அறைக்குள் கொலையாளியே இல்லாத வகையில் ஏழு வழிகள். பிறகு கதவு பற்றிய தந்திரங்கள்: வெளியிலிருந்தே சாவியைத் திருப்புவது, கீலைக் கழற்றுவது, நூல் கட்டித் தாழ்ப்பாளை இழுப்பது, கொண்டியைத் தானே விழச் செய்வது. லெரூவின் மஞ்சள் அறை நாவலை எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே புகழ்கிறார். வாசகரை ஏமாற்றப்போகும் எழுத்தாளர் தம் கைப்பெட்டியைத் திறந்து முன்கூட்டியே காட்டிவிடுகிறார். அப்படியும் ஏமாற்றிவிடுகிறார் என்பதில்தான் அவருடைய கைத்திறன் தெரிகிறது.

1981இல் தொகுப்பாசிரியர் எட்வர்ட் டி. ஹாக், எழுத்தாளரும் விமர்சகருமாகப் பதினேழு பேரிடம் கருத்துக் கேட்டபோது, பூட்டிய அறை நாவல்களில் முதலிடம் 'தி ஹாலோ மேன்' நாவலுக்கே கிடைத்தது. தற்செயல்கள் கூடிவிட்டன, நேரக்கணக்கு இடிக்கிறது என்று குறை சொல்வோரும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

1936இல் டிக்சன் கார் துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான லண்டன் டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்க்கப்பட்டார். அதன் முதல் தலைவரான செஸ்டர்டன் அதே ஆண்டு ஜூன் மாதம் காலமானார். போர்க்காலத்தில் டிக்சன் கார் பெரும்பாலும் வானொலிக்கு எழுதினார்.

போருக்குப் பின் வந்த 'ஹி ஹூ விஸ்பர்ஸ்' (1946) தனியே குறிப்பிடத்தக்கது. பிரான்சின் சார்த்ர் நகருக்கு அருகே, யாரும் அணுக முடியாத இடிந்த கோபுரத்தின் உச்சியில் ஒருவர் குத்திக் கொல்லப்படுகிறார். பழி ஃபே சீட்டன் என்னும் பெண்மீது, இரத்தம் குடிக்கும் பேய் என்ற வதந்தியாகவே விழுகிறது. ஃபெல்லின் வழக்குகளில் புதிரைவிட மனிதத் துயரம் ஓங்கி நிற்பது இதில்தான். இந்நாவலை 'தி ஹாலோ மேன்' நாவலுக்கு மேலாக வைப்பவர் கூற்றைத் தள்ளிவிட முடியாது.

'பிலோ சஸ்பிஷன்' (1949) வந்தபின் ஒன்பது ஆண்டுகள் ஃபெல் நாவல் எதுவும் இல்லை. டிக்சன் கார் வரலாற்றுப் புதினங்களுக்குத் திரும்பினார். 1958இல் ஃபெல் மீண்டும் வந்தார். 1963இல் பக்கவாதத்தால் டிக்சன் காரின் இடப்பக்கம் செயலிழந்தது. ஒரு கையால் தட்டச்சு செய்து தொடர்ந்து எழுதினார். கடைசி இரண்டு நாவல்களும் அமெரிக்காவில் நடப்பவை. 'டார்க் ஆஃப் த மூன்' (1967) நாவலோடு வரிசை முடிந்தது. இப்பிற்கால நாவல்களில் பேச்சு நீள்கிறது. பழைய இறுக்கம் இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் போல் ஆல்டெரின் டாக்டர் ட்விஸ்ட் ஃபெல்லின் சாயலில் உருவான பாத்திரம். டக்ளஸ் கிரீன் எழுதிய டிக்சன் காரின் வாழ்க்கை வரலாறு 1995இல் வெளிவந்தது. பி.பி.சி. வானொலி நாடகங்களில் டொனால்ட் சிண்டன் ஃபெல்லாக நடித்தார். அண்மை ஆண்டுகளில் நாவல்கள் சில பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மறுபதிப்புக் கண்டுள்ளன.

புதிதாகப் படிப்போர் ஸ்காட்லாந்து மலைநாட்டில் நடக்கும், சிரிப்பும் விஸ்கியும் நிறைந்த 'தி கேஸ் ஆஃப் த கான்ஸ்டன்ட் சூசைட்ஸ்' (1941) நாவலில் தொடங்கலாம். 'தி ஹாலோ மேன்' நாவலின் 17ஆம் அத்தியாயத்தை மட்டும் தனியே எடுத்துப் படித்துவிட வேண்டாம். முந்தைய பதினாறையும் படித்துவிட்டே அதற்கு வர வேண்டும்.