ரெண்டு செல்லும் ஒரு சுவிட்சும்

ஆபீசில் ஆணி அதிகம், அதனால் ரெண்டு வாரமாக எழுதவில்லை. அதற்குள் ஐரோலி வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் பஞ்சாயத்து.

மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பூந்தொட்டி மண் காய்ந்தால் தானே தண்ணீர் ஊற்றும் குட்டி பம்ப். மோட்டாருக்கு ரெண்டு பென்சில் செல், அதாவது 3 வோல்ட். உத்தரவு போட 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலர். நடுவில் சுவிட்சாக, ஊரே போடுகிறதே என்று ஒரு பிசி547 போட்டேன். மோட்டார் முனகியது, டிரான்சிஸ்டர் கையைச் சுட்டது. அது தாங்குவதே 100 மில்லிஆம்பியர்தான். மோட்டார் ஓடும்போது 250 இழுக்கும், கிளம்பும்போது அதைவிடக் கூட. மகள் முகம் வாடிப்போனது. கண்காட்சிக்கு நாலே நாள்.

பாளையங்கோட்டைக்கு போன் போட்டேன். அப்பா அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக். "ஏல, ரெண்டு செல்லுதான? ஏசி128 போடு. வோல்ட்ட அதிகமா திங்காது" என்றார். முதலில் சிரிப்புதான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

டிரான்சிஸ்டருக்கு முன்னால் மின்னணு சுவிட்ச் என்றால் வால்வு. நம்ம மும்பையிலேயே உதாரணம் உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்க ஆரம்பித்த டிஃப்ராக் கணினியில் சுமார் 2,700 வால்வுகள். அதைக் கட்டிய குழுவுக்குத் தலைவர் சென்னைக்காரரான ஆர். நரசிம்மன் (இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது). வால்வுக்கு இழை சூடேற வேண்டும், போதாக்குறைக்குப் பெரும்பாலும் நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 1964இல் அதே நிறுவனத்துக்கு வந்த சிடிசி 3600 முழுக்க டிரான்சிஸ்டர் கணினி.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் செய்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மேனியத்தால் ஆனது. ஏசி128ம் அதே ஜாதிதான். ஜெர்மேனியம் 0.2 வோல்ட்டிலேயே விழித்துக்கொள்ளும், சிலிக்கானுக்கு 0.6 அல்லது 0.7 வேண்டும். செல்லில் இருப்பதே ஒன்றரை வோல்ட் என்னும்போது இது பெரிய வித்தியாசம். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962இல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் தயாரிக்க ஆரம்பித்தது. அப்பா தலைமுறைக்குக் கை பழகியது அதில்தான்.

அப்புறம் ஏன் ஜெர்மேனியம் ஒழிந்தது? சூடு ஆகாது. வெப்பம் ஏற ஏற அணைத்த சுவிட்சிலும் மின்சாரம் கசியும். 1954 மே மாதம் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கோர்டன் டீல் ஒரு வேடிக்கை காட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரைக் கொதிக்கும் எண்ணெயில் முக்கினார், பாட்டு நின்றது. சிலிக்கானை முக்கினார், பாடிக்கொண்டே இருந்தது. வடை சுடுவது போல் ஒரு நிரூபணம்!

நிற்க. பம்புக்கு என்ன வழி? சனிக்கிழமை நானும் மகளும் தாணே, தாதர் என்று வண்டி மாறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி லேமிங்டன் ரோடு போனோம். ஒரு கடையில் "மோட்டாருக்கா? இந்தாங்க" என்று ஐஆர்எஃப்540 நீட்டினார்கள். அது மாஸ்ஃபெட். 1959இல் அதே பெல் ஆய்வகத்தில் அட்டாலாவும் கானும் உருவாக்கிய வகை. கேட்டில் வோல்ட் இருந்தால் போதும், ஓயாமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட உருப்படி வாய் திறக்க ஆரம்பிப்பதே 2 முதல் 4 வோல்ட்டுக்குள், முழுதாகத் திறக்க 10 வேண்டும். நம் 3.3க்கு அது அரைக்கண் கூடத் திறக்காமல் போகலாம். பெயரைப் பார்த்து வாங்கினால் மறுபடி பிசி547 கதைதான்.

கடைசியில் வாங்கியது ஏஓ3400. கேட்டில் 2.5 வோல்ட் இருந்தாலே நன்றாகத் திறக்கும். அப்போது அதன் தடை ஒரு ஓமில் சுமார் இருபதில் ஒரு பங்கு. 250 மில்லிஆம்பியருக்கு அது தின்பது 0.0125 வோல்ட்! ஒரே தொல்லை, உருவம் எள்ளுருண்டையிலிருந்து உதிர்ந்த எள் மாதிரி. குட்டிப் பலகையில் பற்றவைக்கக் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. மோட்டாருக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடும் போட்டோம், நிறுத்தும்போது எகிறும் வோல்ட் சுவிட்சைக் கொல்லாமல் இருக்க.

ஞாயிறு ராத்திரி பம்ப் ஓடியது. மகள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தாத்தாவுக்குச் சத்தத்தைக் கேட்க வைத்தாள்.

"டிரான்சிஸ்டர தொட்டுப் பாரு தாயி, சுடுதா?"

"இல்ல தாத்தா, ஜில்லுன்னு இருக்கு."

"நம்பர சொல்லு, எழுதிக்கிடுதேன்."