ஸ்ரீராம் சிங்

ஸ்ரீராம் சிங் (பிறப்பு: நவம்பர் 14, 1948) இந்தியாவின் நடுத்தொலைவு ஓட்ட வீரர்களுள் குறிப்பிடத்தக்கவர். 800 மீட்டர் ஓட்டத்தில் இரு முறை ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்றவர். 1976 மொண்ட்ரியால் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் இவர் ஏழாவது இடத்தையே பெற்றார். எனினும் அப்போட்டியில் இவர் ஓடிய 1 நிமிடம் 45.77 நொடிகள் (1:45.77) என்ற நேரம் 42 ஆண்டுகள் இந்தியாவின் தேசியச் சாதனையாக நீடித்தது.

பின்னணி

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிய காலத்திலேயே 800 மீட்டர் ஓட்டத்தில் இந்தியா முன்னணியில் இருந்தது. 1951 இல் புது தில்லியில் ரஞ்சித் சிங்கும், 1954 இல் மணிலாவில் சோகன் சிங்கும், 1966 இல் பாங்காக்கில் அசாமைச் சேர்ந்த போகேசுவர் பருவாவும் தங்கம் வென்றனர். இவ்வரிசையில் அடுத்து வந்தவர் ஸ்ரீராம் சிங்.

இராசத்தான் மாநிலத்தின் பத்நகர் என்னும் சிற்றூரில் பிறந்த இவர், 1968 இல் இந்தியத் தரைப்படையின் ராஜ்புதானா ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். தொடக்கத்தில் 400 மீட்டர் ஓட்டத்தில் ஈடுபட்டிருந்த இவரை 800 மீட்டருக்கு மாற்றியவர் பயிற்றுநர் இலியாஸ் பாபர் ஆவார்.

ஆசியப் போட்டிகள்

1970 பாங்காக் ஆசியப் போட்டியில் பர்மாவின் ஜிம்மி கிராம்ப்டனுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதற்சுற்றிலேயே வெளியேறினார். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974 தெகரான் ஆசியப் போட்டியில் 1:47.6 நேரத்தில் ஓடித் தங்கம் வென்றார். 1978 பாங்காக் போட்டியிலும் தங்கத்தைத் தக்கவைத்துக் கொண்டார்.

மொண்ட்ரியால், 1976

800 மீட்டர் என்பது ஓடுகளத்தை இரு முறை சுற்றும் ஓட்டம். முதற்சுற்றில் வேகமாக ஓடினால் இரண்டாம் சுற்றில் உடல் தளரும். மெதுவாக ஓடினாலோ இறுதி நேர விரைவு மிக்கவர்கள் முந்திவிடுவர். எனவே பலரும் பிறரைப் பின்தொடர்ந்து ஓடி, கடைசியில் முந்திச் செல்லவே விரும்புவர். முன்னின்று ஓடுபவர் மற்றவர்களுக்கும் சேர்த்து வேகத்தை நிர்ணயிக்கிறார். அதனால் அவர் வெல்வது கடினம்.

மொண்ட்ரியாலில் ஸ்ரீராம் சிங் முன்னின்று ஓடுவதையே தேர்ந்தெடுத்தார். முதற்கட்டப் போட்டியில் 1:45.86 நேரத்தில் ஓடிய அவர், அரையிறுதியையும் கடந்து இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். ஜூலை 25 அன்று நடைபெற்ற இறுதிப் போட்டியில் முதல் 400 மீட்டரை 50.85 நொடிகளில் முன்னணியில் நின்று கடந்தார். அவரை ஒட்டி ஓடிவந்த கியூபாவின் ஆல்பர்ட்டோ ஹுவான்டொரேனா இரண்டாம் சுற்றில் அவரை முந்தி, 1:43.50 என்ற புதிய உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். இரண்டாம் சுற்றுக்கு ஸ்ரீராம் சிங் எடுத்துக்கொண்ட நேரம் 54.92 நொடிகள். அதாவது முதற்சுற்றைவிட நான்கு நொடிகளுக்குச் சற்று அதிகம்.

இறுதி நிலை:
1. ஆல்பர்ட்டோ ஹுவான்டொரேனா (கியூபா) - 1:43.50
2. இவோ வான் டாம் (பெல்ஜியம்) - 1:43.86
3. ரிக் வோல்ஹூட்டர் (ஐக்கிய அமெரிக்கா) - 1:44.12
4. வில்லி வுல்பெக் (மேற்கு ஜெர்மனி) - 1:45.26
5. ஸ்டீவ் ஓவெட் (ஐக்கிய இராச்சியம்) - 1:45.44
6. லூசியானோ சுசாஞ் (யுகோஸ்லாவியா) - 1:45.75
7. ஸ்ரீராம் சிங் (இந்தியா) - 1:45.77
8. கார்லோ கிரிப்போ (இத்தாலி) - 1:48.39

ஆறாம் இடத்துக்கும் இவருக்கும் இடையிலான வேறுபாடு 0.02 நொடி மட்டுமே. தமது உலகச் சாதனைக்கு ஸ்ரீராம் சிங்கின் வேகமான முதற்சுற்று உதவியதாக ஹுவான்டொரேனா பின்னர் குறிப்பிட்டுள்ளார். அதே போட்டிகளில் ஹுவான்டொரேனா 400 மீட்டர் ஓட்டத்திலும் தங்கம் வென்றார். ஆப்பிரிக்க நாடுகள் பலவும் புறக்கணித்ததால் கென்யாவின் மைக் போயிட் இவ்வோட்டத்தில் பங்கேற்கவில்லை.

ஸ்ரீராம் சிங் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை முன்னேறினார்.

சாதனையின் ஆயுட்காலம்

1:45.77 என்பது ஆசியச் சாதனையாகவும் அமைந்தது. 1994 இல் தென்கொரியாவின் லீ ஜின்-இல் இதை முறியடித்தார். இந்தியச் சாதனையோ மேலும் 24 ஆண்டுகள் நிலைத்தது. 2018 சூன் மாதத்தில் கேரளத்தைச் சேர்ந்த ஜின்சன் ஜான்சன் குவகாத்தியில் 1:45.65 நேரத்தில் ஓடி அதைக் கடந்தார். 42 ஆண்டுகளில் தேசியச் சாதனை மேம்பட்டது 0.12 நொடி மட்டுமே. ஜான்சனும் தரைப்படையைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஜான்சனின் சாதனையும் 2025 இல் முறியடிக்கப்பட்டது.

விருதுகள்

* அருச்சுனா விருது (1973)
* பத்மஸ்ரீ (1974)