செர்னோபில் பொழிவும் வேல்ஸ் ஆடுகளும்

1986 ஏப்ரல் 26 அன்று சோவியத் உக்ரைனின் செர்னோபில் அணுஉலை வெடித்தது. அங்கிருந்து கிளம்பிய கதிரியக்கத் தூசி காற்றில் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று, மே மாதத் தொடக்கத்தில் பெய்த கனமழையோடு பிரிட்டனின் வட வேல்ஸ், கம்பிரியா, ஸ்காட்லாந்து மலைகளில் இறங்கியது. தொலைவைவிட மழை பெய்த இடமே பாதிப்பைத் தீர்மானித்தது.

அந்தத் தூசியில் இருந்த அயோடின்-131இன் அரை ஆயுள் 8 நாள். அது விரைவில் மறைந்தது. சீசியம்-137க்கோ ஏறத்தாழ 30 ஆண்டு. களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். மலைகளின் மட்கு நிறைந்த அமில மண் அப்படிப் பிடித்துக்கொள்ளாமல் ஆண்டுதோறும் புல்லுக்குக் கொடுத்தது. புல்லிலிருந்து அது ஆட்டுக்குப் போனது. இந்தப் பாதிப்பு சில வாரங்களில் தீர்ந்துவிடும் என்று பிரிட்டன் அரசு எதிர்பார்த்தது. ஆனால், இறைச்சியில் கிலோவுக்கு 1,000 பெக்கரல் கதிரியக்கத்தைத் தாண்டிய ஆடுகளை உணவுக்கு அனுப்பக் கூடாதென்ற கட்டுப்பாடு 2012இல்தான் முழுமையாக நீங்கியது. தாழ்நில மேய்ச்சலுக்கு ஓட்டிச்சென்றால், ஆட்டின் உடலில் சீசியம் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்தது.

பிரிட்டன் மக்கள் சராசரியாகப் பெற்ற கூடுதல் கதிர்வீச்சு, ஓராண்டில் இயற்கையாகப் பெறுவதைவிட மிகக் குறைவு. அது அப்படிக் குறைந்திருந்ததில் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. அதன் சுமையை 26 ஆண்டுகள் தாங்கியவர்கள் மலைப்பகுதி ஆடு வளர்ப்போர்.